மஞ்சள் கோடு

வெர்லின் டிப்டன் இறுக்கிய போல்ட்டில் மஞ்சள் கோடு இருக்கும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பெயிண்ட் பேனா வைத்திருப்பார். இறுக்கி முடித்ததும் போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்துச் சட்டம் வரைக்கும் ஒரே இழுப்பு. போல்ட் நூலிழை நகர்ந்தாலும் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். முப்பத்தோரு வருஷத்தில் அவர் போட்ட கோடு ஒன்றுகூட உடைந்ததில்லை. இதை அவர் தன் வாயால் சொல்லிக்கொண்டதே இல்லை. எங்கள் ஊர் பிளம் க்ரீக் அந்த வேலையையும் அவருக்கு வைக்கவில்லை. ஊரில் எது ஒழுங்காக முடிந்தாலும் "மஞ்ச போட்டாச்சு" என்பார்கள். தேவாலயக் கூரை ஒழுகுவது நின்றால் மஞ்ச போட்டாச்சு. மகளுக்குக் கல்யாண நாள் குறித்தால் மஞ்ச போட்டாச்சு. டென்னசியின் மற்ற ஊர்க்காரர்கள் இதைக் கேட்டு முழிப்பார்கள்.

ஐம்பத்தெட்டு வயது, ஒல்லி உடம்பு, கல்யாணம் செய்துகொள்ளாதவர். மில் ரோட்டின் கடைசியில் ஒற்றை ஆள் பட்டறை. வண்டிகளின் முன்பக்க வேலை மட்டும்தான் செய்வார். ஸ்டீயரிங், ஸ்பிரிங், சக்கரக் கோணம், அவ்வளவுதான். இஞ்சினைத் தொடமாட்டார். "ஓட வைக்கிறதுக்கு ஊர்ல பத்து பேர் இருக்கான், நேரா ஓட வைக்கத்தான் நான் இருக்கேன்" என்பார். நல்ல வேலைக்காரர்தான், யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் தப்பு என்கிற வார்த்தையை அடுத்தவர் விஷயத்தில் மட்டுமே பயன்படுத்தத் தெரிந்த மனிதர்.

அவருக்கு ஒரே தங்கை, நெட்டி. நெட்டியின் கணவன் டோயல். பள்ளிக்கூடத்து ஒன்பதாம் நம்பர் பஸ்ஸைப் பதினாலு வருஷம் ஓட்டியவன். ஒரு கண்ணாடியில் கீறல் விழுந்தது கிடையாது. அந்த மலைப்பாதையில் பனிக்காலத்திலும் அவன் பஸ் வரும் நேரத்தை வைத்துக் கடிகாரத்தைத் திருத்தலாம். அவனிடம் எழுபதாம் வருஷத்து ஷெவெல் கார் ஒன்று இருந்தது, கரும்பச்சை நிறம். அந்தக் காலத்து வண்டிகள் எல்லாமே அப்படித்தான், நேர்ரோட்டுக்காகவே பிறந்தவை. இஞ்சின் காளைமாடு, கால்கள் கன்றுக்குட்டி. வளைவு வந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு, மூக்கு ஒரு திசையிலும் மனசு ஒரு திசையிலுமாகப் போகும். டோயல் தொண்ணூற்று மூன்று ஏப்ரலில் வண்டியை மச்சானிடம் கொண்டுவந்தான். வெர்லின் குட்டையான, விறைப்பான ஸ்பிரிங் போட்டார். புது ஷாக், தடிமனான குறுக்குக் கம்பி, சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்ம்களுக்குப் புது ரப்பர் புஷ் எல்லாம் போட்டார். எல்லாவற்றிலும் மஞ்சள் கோடு.

அந்த வருஷம் அக்டோபரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஹாக்பேக் மலையின் ஏழாவது வளைவில் ஷெவெல் சாலையை விட்டு விலகி வேலியை உடைத்துக்கொண்டு மரத்தில் மோதியது. டோயலின் இடது முழங்கால் நொறுங்கியது. குடிக்கவில்லை, வேகமும் இல்லை, நாற்பது மைல்தான் என்றான். துணை ஷெரிப் ஹோபர்ட் பட்டறைக்கு வந்து விசாரித்தார்.

வெர்லின் சொன்னது இதுதான்: "வண்டியில ஒரு குறையும் கெடையாது. நானே செஞ்சது, மஞ்ச போட்டிருக்கு. கேக்கறதா இருந்தா ஓட்டினவன கேளுங்க."

ஹோபர்ட் அப்படியே எழுதிக்கொண்டார். கவனக்குறைவாக ஓட்டியவன் கையில் குழந்தைகளை எப்படிக் கொடுப்பது என்று பள்ளிக் குழு பஸ்ஸைப் பிடுங்கிக்கொண்டது. அதன் பிறகு டோயல் தீவனக் கடையில் நின்றான், மடக்க முடியாத காலை மூட்டைமேல் நீட்டியபடி. மச்சான்மேல் அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. மஞ்சள் கோடு போட்ட வண்டியில் குறை இருக்காதென்று ஊரைப் போலவே அவனும் நம்பினான். அப்படியானால் தப்பு தன்னுடையது. அது எந்த இடத்தில் என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை.

மூன்று வருஷம் கொட்டகையில் வைத்து உடைந்த வண்டியைச் சேர்த்தான். தொண்ணூற்று ஆறு செப்டம்பரில், ஒரு புதன்கிழமை, நெட்டி அதை இழுவண்டியில் ஏற்றி அண்ணன் பட்டறைக்குக் கொண்டுவந்தாள். டோயலும் கூட வந்தான்.

"அண்ணே, சனிக்கிழமை மலை ஏத்தப் போட்டி. இவரு பேர் குடுத்துட்டாரு," என்றாள் நெட்டி.

"அந்தக் காலை வச்சுக்கிட்டா?"

"இடது காலுதானே, இந்த வண்டிக்கு கிளட்ச் கெடையாது," என்றான் டோயல். "மச்சான், ஜெயிக்கறதுக்காக இல்ல. அந்த ஏழாவது வளைவ ஒரு தடவ ஒழுங்கா தாண்டிட்டா போதும். நீங்க வண்டிய ஒரு குறையும் சொல்ல முடியாதபடி பண்ணிக் குடுங்க. அப்பறமும் தடுமாறினா, தப்பு எங்கன்னு எனக்கே தெளிவாயிடும்."

"வண்டி சொன்னபடி கேக்கும், நீ ஒழுங்கா ஓட்டு," என்றார் வெர்லின், வழக்கம்போல.

மோதியதில் வண்டியின் வலது முன்பக்கம் மொத்தமும் போயிருந்தது. அந்தப் பக்கம் டோயல் வேறு ஆர்ம் வாங்கி மாட்டியிருந்தான். இடது பக்கத்தை யாரும் தொடவில்லை. வெர்லின் அன்று மதியம் வண்டியை லிஃப்டில் தூக்கி, இடது சக்கரத்தைக் கழற்றி, ஸ்பிரிங்கையும் எடுத்தார். கீழ் ஆர்ம் இரண்டு புஷ்களில் மட்டும் நின்றது. இரண்டு போல்ட்டிலும் மண்ணுக்கடியில் மஞ்சள் கோடு, உடையாமல். மூன்று வருஷத்துக்கு முந்தைய தன் கையெழுத்தைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது.

ஆர்மைக் கையால் தூக்கி, வண்டி தரையில் நிற்கும்போது இருக்கும் மட்டத்துக்குக் கொண்டுவந்து விட்டார். அது அங்கே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கையைத் தள்ளிக்கொண்டு கீழே போனது, நாய் தன் சாக்கில் போய்ப் படுப்பதுபோல. இன்னொரு தடவை தூக்கினார். திரும்பவும் அதே இடத்துக்குப் போனது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது ஆர்ம் இருக்கும் இடம் அது.

வெர்லின் குனிந்து புஷ்ஷைப் பார்த்தார்.

அந்த புஷ் ஒரு சின்ன உருளைதான். வெளியே ஒரு இரும்பு வளையம், உள்ளே ஒரு இரும்புக் குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டி வார்த்த ரப்பர். அது சுழலாது, முறுக்கிக்கொண்டு திரும்பும். அதனால் வண்டியை முதலில் தரையில் இறக்கி, தன் பாரத்தில் நிற்க வைத்து, அதற்குப் பிறகுதான் போல்ட்டை இறுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கிவிட்டால், வண்டி தரையைத் தொட்ட நிமிஷத்திலிருந்து ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடக்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் இன்னும் முறுக்கும், கடைசியில் கிழியும். தொழிலுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாதவன் செய்கிற தப்பு அது. அந்தத் தப்புக்காக, முன்பு உதவிக்கு வைத்திருந்த இரண்டு பேரை வெர்லின் வேலையை விட்டே அனுப்பியிருக்கிறார்.

முன்பக்க புஷ்ஷைக் கழற்றினார். ரப்பர் முக்கால் வட்டம் கிழிந்திருந்தது. மோதியதில் கிழிந்திருக்கலாம் என்று ஒரு நிமிஷம் மனசு ஆசைப்பட்டது. விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தார். கிழிந்த ஓரங்கள் தேய்ந்து வழவழவென்று பளபளத்தன, கறுப்புத் தூள் அப்பியிருந்தது. மோதலில் கிழிந்தது இப்படி இருக்காது. கிழிந்த பிறகும் இது பல வாரம் ஓடியிருக்கிறது. பிரேக் போட்டால் ஆர்ம் பின்னால் நழுவும், சக்கரம் தன்னால் திரும்பும். ஓட்டுகிறவன் அதற்குள் என்ன செய்ய முடியும்.

அந்த ஏப்ரல் நாளும் ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை. ஆறு மணிக்குத் தேவாலயத்தில் விருந்து. குனிந்து படுத்து இறுக்க நேரமில்லை, வண்டி லிஃப்டில் தொங்கினவாக்கிலேயே இறுக்கி, கோடு போட்டு, கை கழுவிக்கொண்டு போய்விட்டார். கோழி வறுவல் தீர்வதற்குள் போய்ச் சேர்ந்ததுகூட ஞாபகம் இருந்தது.

புஷ்ஷைப் பழைய இரும்பு டிரம்மில் எறிந்தார். அங்கே இன்னும் நானூறு பழைய துண்டுகள் கிடந்தன, யாருக்குத் தெரியப்போகிறது. அடுத்த நாள் காலை வந்ததும் முதல் வேலையாக டிரம்மைக் கவிழ்த்து, முழங்காலிட்டுத் தேடி, அதையே எடுத்துத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு நாள் முழுக்க அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாரே தவிர, தீவனக் கடைப்பக்கம் போகவில்லை. டோயலிடம் சொன்னால் ஊரிடம் சொன்ன மாதிரி. ஊரிடம் சொன்னால் முப்பத்தோரு வருஷமும் போச்சு. சொல்லாவிட்டால் இந்த வண்டி சனிக்கிழமை அழகாக ஏறும், டோயல் தான் தேறிவிட்டதாகச் சந்தோஷப்படுவான், எல்லாரும் கைதட்டுவார்கள். இந்தக் கணக்கு அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததுதான் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

வேலையை மட்டும் நிறுத்தவில்லை. புது புஷ்களை அழுத்திப் பொருத்தினார். ஸ்பிரிங்குகளை இரண்டு பக்கமும் அளந்து உட்கார வைத்தார். வண்டியைத் தடித்த மரக்கட்டைகள்மேல் நான்கு சக்கரத்திலும் நிற்க வைத்து, ஓட்டும் இருக்கையில் டோயலின் எடைக்கு மணல் மூட்டை ஏற்றி, முன்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கி ஆட்டி விட்டு, அதற்கடியில் மல்லாந்து நுழைந்தார். மூக்குக்கும் இரும்புக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அப்படிப் படுத்தபடியே ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினார். பெயிண்ட் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். திரும்ப மூடிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை நெட்டி சாப்பிடக் கூப்பிட்டாள். பீன்ஸும் சோளரொட்டியும். போகும் வழியெல்லாம் சொல்லிவிடுவது என்றுதான் போனார். சாப்பாட்டுக்கு நடுவில் டோயல் உப்புக் குப்பியை எடுத்து மேஜைத் துணிமேல் நகர்த்த ஆரம்பித்தான். முள்கரண்டியால் அவன் வளைத்துப் போட்ட கோடுதான் சாலை.

"இங்க காலை எடுத்தேன் மச்சான். இங்க பிரேக். இங்க திருப்பினேன். தெனமும் இத மண்டைக்குள்ள ஓட்டிப் பாக்கறேன், ஒரு நாளைக்கு பத்து தடவ. பிரேக்க கொஞ்சம் முன்னாடி போட்டிருக்கணுமோ? கைய எறுக்கிப் புடிச்சுட்டேனோ? நீங்கதான் சொல்லுங்களேன், எங்க விட்டேன்?"

நெட்டி அண்ணனைப் பார்த்தாள். வெர்லின் தட்டைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த புஷ் நெஞ்சில் அழுத்தியது.

"ரொட்டி நல்லாருக்கு," என்றார்.

"நாலு துண்டு தின்னுட்டீங்க, நல்லா இல்லாமலா," என்றாள் நெட்டி.

சனிக்கிழமை காலை ஹாக்பேக் அடிவாரத்தில் சாலையை மறித்திருந்தார்கள். ஒரு நேரத்துக்கு ஒரு வண்டி, பதினோரு வளைவு, உச்சியில் கடிகாரம். எங்கள் ஊர் மலை ஏற்றத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. புறப்படும் கோட்டுக்கு வருவதற்கு முன் ஓட்டுகிறவன் குனிந்து, சக்கரத்துக்குப் பின்னால் கைவிட்டு மஞ்சள் கோட்டை ஒரு தடவை தொட்டுக்கொள்வான். நல்லதுக்குத்தான். வெர்லினிடம் வண்டியைக் கொடுக்காத வெளியூர்க்காரர்கள்கூட அந்த இடத்தைச் சும்மா தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

டோயலால் குனிய முடியாது. தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, சரிந்து படுத்து எட்டிப் பார்த்தான்.

"மச்சான், மஞ்ச காணோமே?"

"போடல."

"மறந்துட்டீங்களா? நீங்களா?" அவன் சிரித்தான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். "கெழவனுக்கு வயசாயிடுச்சுப்பா," என்றது ஒரு குரல்.

"மறக்கல," என்றார் வெர்லின்.

பையிலிருந்து புஷ்ஷை எடுத்து டோயலின் கையில் வைத்தார். இதற்குமேல் தள்ளிப்போட இடமே இல்லை என்பதால்தான் எடுத்தார். அதைத் தைரியம் என்று அவர் பிற்பாடும் சொல்லிக்கொண்டதில்லை.

"உன் வண்டியில இருந்து எடுத்தது. இடது பக்கம். தொண்ணூத்தி மூணுல நான் போட்டது. லிஃப்ட்ல தொங்க விட்டே எறுக்கிட்டேன் மாப்ள. கீழ எறக்கி எறுக்கியிருக்கணும். ரப்பர் கிழிஞ்சுபோச்சு. நீ மோதினதுல கிழியல, அதுக்கு முன்னாடியே கிழிஞ்சிருக்கு."

"அப்படின்னா?"

"நீ பிரேக் போட்டப்ப சக்கரம் தானா திரும்பிடுச்சு. நீ ஒண்ணும் பண்ணல."

டோயல் தரையில் உட்கார்ந்தபடியே கட்டை விரலால் அந்த வழவழத்த ஓரத்தைத் தடவினான். முன்னால் போன வண்டியின் சத்தம் மலைமேல் தேய்ந்து மறைந்தது. கொடிக்காரர், "டோயல், அடுத்து நீதான்," என்றார்.

"எப்ப தெரியும்?"

"புதன்கெழம."

"நேத்து எங்க வீட்ல வந்து சாப்ட்டே." இருபத்தாறு வருஷத்தில் மச்சானை அவன் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "நான் அந்த உப்புக் குப்பிய வச்சுக்கிட்டு கேட்டேன். ரொட்டி நல்லாருக்குன்னே."

"ஆமா."

டோயல் கதவைப் பிடித்து எழுந்தான். "இந்த தடவ எங்க வச்சு எறுக்கினே?"

"கீழ வச்சுதான்."

"அப்ப ஏறு. பக்கத்துல உக்காரு."

யாரோ ஒரு ஹெல்மெட்டை நீட்டினார்கள். நெட்டி கூட்டத்திலிருந்து ஒரு அடி முன்னால் வந்தாள், அங்கேயே நின்றுவிட்டாள். வெர்லின் ஏறி உட்கார்ந்து பட்டையைப் போட்டுக்கொண்டார். ஆயிரம் வண்டிகளுக்கு அடியில் படுத்தவர், இந்த மாதிரி ஒரு வண்டிக்குள் உட்கார்ந்து மலை ஏறியது கிடையாது.

கொடி இறங்கியது. ஷெவெல் உறுமிக்கொண்டு பாய்ந்தது. முதல் வளைவிலேயே வெர்லினுக்குத் தெரிந்துவிட்டது, டோயல் வேகத்தைக் குறைக்கப்போவதில்லை. அவன் முகத்தைப் பார்த்தார். கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. பஸ் ஓட்டுகிற முகம். இரண்டு, மூன்று. வண்டி முன்புபோலச் சாயவில்லை, நான்கு காலிலும் உட்கார்ந்து திரும்பியது. வெர்லின் காதுகளால் தன் போல்ட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். எங்கேயாவது ஒரு டக் சத்தம் வந்தால் அதோடு முடிந்தது. நான்காவது வளைவில் பின்சக்கரம் சரளையைத் தொட்டு வாரி இறைத்தது. ஐந்து, ஆறு. வேக முள் எழுபதைத் தாண்டியது. அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்பதுதான்.

ஏழாவது வளைவில் வேலியின் நாலு கம்பம் மட்டும் புது மரம். அது நேராக அவர்களை நோக்கி வந்தது. டோயல் பிரேக்கை அழுத்தினான், முழு அழுத்து. வெர்லினின் கை தன்னால் கதவைப் பிடித்தது. இறுக்கினேனா, நாலையும் இறுக்கினேனா, பின்பக்கத்து உள் போல்ட்டை இறுக்கினேனா. தெரியவில்லை. கோடு போடாமல் விட்டதால் அவருக்கே சாட்சி இல்லை. ஊரெல்லாம் தன்னை எதை வைத்து நம்பியதென்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

மூக்கு நேராகக் குனிந்தது. இடமும் போகவில்லை, வலமும் போகவில்லை. டோயல் திருப்பினான், வண்டி திரும்பியது. புதுக் கம்பங்கள் கண்ணாடிப்பக்கமாக ஓடிப் பின்னால் போய்விட்டன.

எட்டாவது வளைவுக்கு அப்புறம் டோயல் வேகத்தை விட்டுவிட்டான். கடிகாரத்தை மறந்துபோய், தேவாலயத்துக்குப் போகிறவன் மாதிரி ஓட்டினான். உச்சியில் கோட்டைத் தாண்டி ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்தான். இரண்டு கையும் ஸ்டீயரிங்கிலேயே இருந்தன.

"மூணு வருஷம் தேடினேன்," என்றான். "எங்க தப்பு பண்ணேன்னு. கெடைக்கவே இல்ல. இருந்தாத்தானே கெடைக்கும்."

பிறகு நெற்றியை ஸ்டீயரிங்கில் வைத்து அழுதான். வளர்ந்த மனிதன் அழும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைவிடக் கஷ்டமான வேலை வெர்லின் அதுவரை செய்ததில்லை.

"மன்னிச்சிரு மாப்ள."

"அத அப்பறம் பாக்கலாம். ஹோபர்ட் அங்க நிக்கறாரு. மொதல்ல அவருகிட்ட போ."

ஹோபர்ட் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு நின்றார். வெர்லின் ஹெல்மெட்டோடேயே போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார்.

"மூணு வருஷம் ஆச்சேப்பா. அந்த ஃபைல மூடியாச்சு," என்றார் ஹோபர்ட்.

"தொறங்க."

"பட்டறைக்கு நல்லதில்ல, வெர்லின்."

"எழுதுங்க ஹோபர்ட். ஓட்டினவன் மேல தப்பில்ல, எறுக்கினவன் மேலதான். அன்னிக்கு நான் சொன்னத ஒரு வார்த்த விடாம எழுதினீங்கல்ல, அதே மாதிரி எழுதுங்க."

நேரக் கணக்குத் தாளின் பின்பக்கத்தில் ஹோபர்ட் எழுதினார். வெர்லின் கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கொஞ்ச நாள் பட்டறையில் ஈ ஓட்டினார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள், ஆனால் சாவியைக் கொடுக்கும்போது ஒரு கேள்வியும் சேர்ந்து வந்தது: கீழ வச்சா, மேல வச்சா? அது அப்படியே ஊருக்குள் பரவி, மஞ்ச போட்டாச்சு என்று யாராவது சொன்னால் எதிரில் நிற்பவன் அதைத்தான் கேட்கிறான். தேவாலயக் கூரைக்கும் அதே கேள்வி, கல்யாணத்துக்கும் அதே கேள்வி. வெர்லின் காதுபடவே கேட்கிறார்கள். அவரும் கூடச் சிரிக்கப் பழகிக்கொண்டார், நன்றாக வருவதில்லை.

பள்ளிக் குழு அந்தத் தாளைப் படிக்க நாலு மாதம் எடுத்துக்கொண்டது. ஒன்பதாம் நம்பர் வேறொருவருக்குப் போய்விட்டதால் டோயலுக்குப் பதினாலாம் நம்பரைக் கொடுத்தார்கள். பள்ளிக்கூட பஸ்களின் முன்பக்க வேலை மில் ரோட்டுப் பட்டறையில்தான் நடக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை டோயல் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்துவான். இப்போது திரும்பவும் நீங்க என்றுதான் பேசுகிறான், மச்சான் என்றுதான் கூப்பிடுகிறான். ஆனால் வெர்லின் போட்ட மஞ்சள் கோட்டை நம்பி எடுத்துப் போவதில்லை. மடங்காத காலை நீட்டி, தரையில் சரிந்து, பஸ்ஸுக்கடியில் மெதுவாக நுழைந்து, ஒவ்வொரு போல்ட்டாகத் தானே ஸ்பேனர் போட்டுப் பார்ப்பான். அவன் பார்த்து முடிக்கும்வரை வெர்லின் பக்கத்தில் மண்டியிட்டு, கை ஆடாமல் விளக்கைப் பிடித்துக்கொண்டிருப்பார்.